சீசன் நடுவில் லைட்ரூமைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். கரூர் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நானும் என் மச்சானும் இரண்டே பேர். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுக்கிறோம். படங்களைத் திருத்துகிற அடோபி மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில், 12.2 பதிப்பிலேயே மூன்று வருடமாக நிற்கிறேன், அப்டேட் பட்டனைத் தொடவே பயம். தெரிந்தவர்கள் எல்லோரும் புதுப் பதிப்புக்குப் போய்விட்டார்கள், ஏஐ நாய்ஸ் நீக்கம் (குறைந்த வெளிச்சப் படங்களில் வருகிற புள்ளிகளை நீக்குவது) பிரமாதம் என்கிறார்கள். ஒருவர் மட்டும், கேட்டலாக் (படங்களின் பட்டியலும் திருத்தங்களும் இருக்கிற ஃபைல்) போய்விடும், பழைய கல்யாணப் படங்களின் கலரெல்லாம் மாறிவிடும் என்று பயமுறுத்துகிறார். கேமரா சோனி ஏ7 III. கம்ப்யூட்டர் பழசு, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. வைகாசியில் இன்னும் ஐந்து முகூர்த்தம் கையில் இருக்கிறது. போகலாமா, வேண்டாமா? இன்னொரு நண்பர், சந்தா எல்லாம் எதற்கு, கிராக் (திருட்டுப் பதிப்பு) போட்டுத் தருகிறேன் என்கிறார். அதையும் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, வணக்கம். அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை ஆற அமரப் படித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து முகூர்த்தமும் முடிந்து, ஆல்பம் கை மாறி, பாக்கிப் பணம் வந்து சேருகிற வரைக்கும் அப்டேட் பட்டன் பக்கமே போகாதீர்கள். இன்றைக்கே அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் செயலியைத் திறந்து, தானாக அப்டேட் ஆகிற வசதி போட்டிருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். ஆடி பிறந்ததும் சோதனையை ஆரம்பியுங்கள். நம் தொழிலில் ஆடி கை சும்மா இருக்கிற மாதம். மென்பொருளைச் சோதிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால், ஆவணி மாதம், ஒரு வரவேற்பு ஆல்பத்தை மறுநாள் காலை லேபுக்கு அனுப்ப வேண்டிய இரவில், நான் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு எடிட்டிங் மென்பொருளைப் புதுப்பித்தேன். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. அதோடு ஒட்டியிருந்த பிளக்கின் (துணைக் கருவி) புதுப் பதிப்பில் திறக்கவில்லை, பழைய பதிப்புக்குத் திரும்ப பேக்கப்பும் எடுத்து வைக்கவில்லை. பாதி முடித்த படங்களை விடியும் வரை மறுபடி கையால் சரிசெய்தேன். அந்த ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கம் ஒரு நிறத்திலும் அடுத்த பக்கம் இன்னொரு நிறத்திலும் இருக்கும். அந்தக் குடும்பம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியுமே.

அதற்கப்புறம் நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். லைட்ரூம் கிளாசிக்கின் பெரிய பதிப்புகள் வருவது பெரும்பாலும் அக்டோபரில். 12 வந்தது 2022 அக்டோபர், 13 வந்தது 2023 அக்டோபர், 14 வந்தது 2024 அக்டோபர். அக்டோபர் நடு என்றால் நமக்குப் புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கிற நேரம், அதாவது மண்டபங்கள் நிரம்ப ஆரம்பிக்கிற நேரம். அவர்கள் நாள் குறிப்பது நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து இல்லை. அதனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பழைய பதிப்பிலேயே வேலை செய்வேன், மார்கழியில்தான் புதியதை எடுத்துப் பார்ப்பேன். அந்த இரண்டு மாதத்துக்குள் முதல் சுற்றுப் பிழைத் திருத்தங்களும் வந்திருக்கும். தை பிறக்கும்போது கை பழகியிருக்கும்.

சரி, இந்த மூன்று வருடத்தில் என்ன வந்திருக்கிறது, அதில் உங்களுக்கு எது உபயோகம் என்று பார்ப்போம்.

எல்லோரும் பேசுகிற ஏஐ நாய்ஸ் நீக்கம், அதாவது டீநாய்ஸ், 2023 ஏப்ரலில், 12.3-இல் வந்தது. நீங்கள் அதற்கு ஒரு படி முன்னாலேயே நின்றுவிட்டீர்கள். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. முதலில் வந்தபோது ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு டிஎன்ஜி ஃபைலை (அடோபியின் ரா வடிவம்) உருவாக்கும், அது கேமரா தந்த மூல ரா ஃபைலைவிடப் பல மடங்கு பெரிசாக இருக்கும், ஹார்ட் டிஸ்க் கண்முன்னே நிரம்பும். 2025 ஜூனில் வந்த 14.4-இலிருந்து அந்தத் தனி ஃபைல் இல்லை, மூலப் படத்தின் மேலேயே வேலை நடக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, போவதென்றால் இடையில் எங்கேயும் நிற்காமல் 14.4-க்கு மேலே போய்விடுங்கள்.

ஆனால் உங்களுக்கு அது எத்தனை படத்துக்கு வேண்டும்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். திரையில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 3200 படத்திலும் நாய்ஸ் தெரியும்தான். அதே படத்தை 12க்கு 36 அங்குல ஆல்பத் தாளில் பாதிப் பக்கத்துக்கு அச்சடித்துப் பாருங்கள், தெரியாது. வாங்குகிறவர் ஆல்பத்தைத்தான் மடியில் வைத்துப் புரட்டுகிறார், உங்கள் மானிட்டரை இல்லை. உங்கள் கேமராவில் ஐஎஸ்ஓ 6400-க்கு மேலே போன படங்கள், அதிலும் வெளிச்சம் குறைவாக எடுத்துவிட்டு அப்புறம் தூக்கிய படங்கள், அவற்றுக்குத்தான் இது உண்மையாகவே தேவை. ஒரு கல்யாணத்தில் அப்படி எத்தனை என்று லைட்ரூமிலேயே ஐஎஸ்ஓ வாரியாக வடிகட்டி எண்ணிவிடலாம். இன்றைக்கு இரவே எண்ணிப் பாருங்கள்.

நேரக் கணக்கும் போட்டுவிடுங்கள். ஏஐ வேலைகளுக்கு அடோபி பரிந்துரைப்பது 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம், உங்களிடம் இருப்பது 4. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு 40 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 400 படத்துக்கு 16,000 விநாடி, கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனால் சரி. மறுநாள் காலை டெலிவரி என்று சொல்லிவிட்டு மதியம் ஆரம்பித்தால் சரிவராது. எல்லாப் படத்துக்கும் போடவே போடாதீர்கள். செலக்‌ஷன் முடிந்தபின், ஆல்பத்துக்குப் போகிற படங்களில், ஐஎஸ்ஓ உயர்ந்தவற்றுக்கு மட்டும். போடுவதையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும், மாஸ்க் (படத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்துவது), ரீடச் எல்லாம் அப்புறம்.

ஆனால் நம் வேலைக்கு என்னைக் கேட்டால், மூன்று வருடத்தில் வந்ததில் உருப்படியானது டீநாய்ஸ் இல்லை, பாயிண்ட் கலர். 2023 அக்டோபரில், 13.0-இல் வந்தது. அதிகம் பேர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இப்போது எந்த வரவேற்புக்குப் போனாலும் மேடை முழுக்க ஊதா, ரோஸ் எல்இடி விளக்கு. மாப்பிள்ளையின் ஒரு கன்னம் ஊதா, பெண்ணின் கழுத்தில் ரோஸ், பின்னால் நிற்கிற மாமா முழுக்க நீலம். நிறங்களை மாற்றுகிற பழைய ஹெச்எஸ்எல் ஸ்லைடரில் ஊதாவைக் குறைத்தால் பின்னணி அலங்காரமும் புடவையும் சேர்ந்து செத்துப்போகும். பாயிண்ட் கலரில் கன்னத்தில் ஒரு இடத்தைத் தொட்டு அந்த ஒரு நிறத்தை மட்டும் பிடித்து, அது எவ்வளவு தூரம் பரவலாம் என்று எல்லை போட்டு, நகர்த்தலாம். முக மாஸ்க்குக்கு உள்ளேயும் இதைப் பயன்படுத்தலாம் என்பதுதான் பெரிய விஷயம். மேடை ஊதாவாகவே இருக்கும், முகம் மட்டும் முகத்தின் நிறத்துக்கு வரும். விளக்கு அடித்த அடியில் ஒரு நிறம் முழுசாகவே வெடித்துப்போயிருந்தால் எந்தக் கருவியும் அதைத் திருப்பிக் கொண்டுவராது, அதற்கு எடுக்கும்போதே எக்ஸ்போஷரைக் குறைத்திருக்க வேண்டும்.

ஜெனரேடிவ் ரிமூவ் 2024 மே மாதம், 13.3-இல் வந்தது. மணவறைக்குப் பின்னால் தொங்குகிற வயர், தண்ணீர் பாட்டில், இவற்றைப் படத்திலிருந்து நீக்க நல்லது. இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அது உங்கள் கம்ப்யூட்டரில் நடப்பதில்லை, இணையம் வழியாக அடோபியின் சர்வருக்குப் போய்த்தான் வரும், நெட் இல்லாத இடத்தில் வேலை செய்யாது. அடுத்து, எடுத்த இடத்தில் அது புதிதாக எதையாவது வரைந்து நிரப்பும். கோலத்தின் மேல் கிடக்கும் செருப்பை எடுத்தால் கோலத்தின் புள்ளிக் கணக்கு சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள், அந்த வீட்டு அம்மா கட்டாயம் பார்ப்பார். பின்னணியை மங்கலாக்குகிற லென்ஸ் ப்ளர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உங்களிடம் எஃப்1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இனி சோதனை. புதுப் பதிப்பு வெளியீட்டு வீடியோவில் காட்டுகிற படங்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவை அந்தக் கருவி நன்றாக வேலை செய்யும் படங்கள், அதனால்தான் காட்டுகிறார்கள். உங்களுடைய மோசமான படங்களை எடுங்கள். நான் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன், எந்தப் புதுப் பதிப்பு வந்தாலும், எந்தப் புது மென்பொருள் வந்தாலும் முதலில் அதைத்தான் திறப்பேன். அதில் ஹோமப் புகைக்குள் எடுத்தது இருக்கிறது. வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இருக்கிறது. அட்சதை காற்றில் பறக்கிற நொடி இருக்கிறது, நாய்ஸ் நீக்குகிற கருவி அந்த அரிசியைப் புள்ளி என்று நினைத்துத் தேய்க்கிறதா என்று பார்க்க. தலை நிறைய மல்லிகையோடு பெண் திரும்பி நிற்பது இருக்கிறது, முடியை மாஸ்க் செய்தால் பூ உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா, பாதியில் வெட்டுகிறதா என்று பார்க்க. பட்டுப் புடவையின் ஜரிகை இருக்கிறது.

அதில் ஒரு படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பாட்டி, தொண்ணூறு வயதுக்கு மேல், பேத்தியின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறார். உள் அறை, ஒரே ஒரு டியூப் லைட், ஐஎஸ்ஓ 12800. நெற்றியில் விபூதி, அதில் மூன்று விரல் இழுத்த தடம் தனித்தனியாகத் தெரியும். காதில் தண்டட்டி போட்டு நீண்ட மடல், கையில் நரம்பு, தோலில் வயதின் புள்ளிகள். இந்தப் படத்தில் நாய்ஸ் நீக்கத்தை அதிகமாகக் கூட்டினால் முதலில் போவது விபூதியின் அந்த விரல் தடம். வெள்ளைப் பட்டையாக ஆகிவிடும். அடுத்து கையின் தோல் மெழுகு மாதிரி வழவழக்கும். அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினால் கொஞ்சம் நாய்ஸ் மிச்சம் இருக்கும், ஆனால் பாட்டி பாட்டியாக இருப்பார். லைட்ரூமில் அந்த அளவு 50-இல் தொடங்கும். நான் கல்யாணப் படங்களுக்கு 20-இலிருந்து 35-க்குள்தான் வைக்கிறேன். நீங்கள் உங்கள் படத்தில் 20, 35, 50 என்று மூன்றையும் எக்ஸ்போர்ட் செய்து, மூன்றையும் அச்சடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தோல் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி, தானாகச் சரிசெய்கிற ஆட்டோ பட்டனையும், முகத்துக்கென்று வருகிற ரெடிமேட் ப்ரீசெட்டையும், கறுப்பான முகங்களில் போட்டுப் பாருங்கள். மாநிறமும் கறுப்பும் ஒரே படத்தில் இருக்கிற குரூப் போட்டோவாக எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பான முகத்தை அது வெளுப்பாக்கினால், சாம்பல் பூசின மாதிரி ஆக்கினால், அந்தப் பட்டன் நமக்கு வேண்டாம். நம் ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள், சில பேர் இன்னும் வெள்ளையாக்குங்கள் என்றுகூடக் கேட்பார்கள், தெரியும். ஆனாலும் கல்யாணத்தன்று அந்தப் பெண் எப்படி இருந்தாளோ அப்படித்தான் இருபது வருடம் கழித்தும் ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவள் மகள் புரட்டும்போது, இது யாரும்மா என்று கேட்கக் கூடாது.

கேட்டலாக் பயத்துக்கு வருகிறேன். உங்களைப் பயமுறுத்தியவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. 2012-இல் லைட்ரூம் 4 வந்தபோது படத்தைக் கணக்குப் போடுகிற முறையே மாறியது. பழைய படங்களைப் புது முறைக்கு மாற்றியவர்களுக்கு நிறமும் வெளிச்சமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறித்தான் போனது. அந்தப் பயம் இன்னும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் மாற்றியவர்களுக்குத்தான் மாறியது. அன்றைக்கும் இன்றைக்கும் நீங்கள் முடித்து வைத்த படம் அதனுடைய பழைய கணக்கு முறையிலேயே (பிராசஸ் வெர்ஷன்) இருக்கும், நீங்களாக மாற்றச் சொன்னால்தான் மாறும். டெவலப் பகுதியில் புதுப்பிக்கவா என்று கேட்டால், பழைய கல்யாணங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

புது பெரிய பதிப்பை முதல் தடவை திறந்தவுடன் கேட்டலாக்கை மேம்படுத்தவா என்று கேட்கும். அது உங்கள் பழைய கேட்டலாக்கை அழிப்பதில்லை, மேம்படுத்திய ஒரு நகலைத் தனியாக உருவாக்கும். ஆனால் அந்த நகலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. அதாவது புதியதில் ஒரு வாரம் வேலை செய்துவிட்டு, பிடிக்கவில்லை என்று திரும்பினால், பழைய கேட்டலாக் ஒரு வாரத்துக்கு முந்தின நிலையில்தான் இருக்கும். அதனால் தொடங்கும் முன் கேட்டலாக்கின் எல்ஆர்கேட் ஃபைலை வேறு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் எடிட்டிங் விவரங்கள் எக்ஸ்எம்பி ஃபைலாகப் படத்தின் பக்கத்திலேயே எழுதப்படும், அது இரண்டாவது காப்பு. கலெக்‌ஷன்களும் வர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே படத்தின் மாற்றுத் திருத்தங்கள்) எக்ஸ்எம்பியில் வராது, அதற்குக் கேட்டலாக் நகல்தான் கதி. மேம்படுத்தும் முன், கேட்டலாக் இருக்கிற டிஸ்க்கில் கேட்டலாக்கும் ப்ரிவியூவும் சேர்ந்த அளவுக்குக் காலி இடம் வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் இடம் தீர்ந்து நின்றால் வீண் தலைவலி.

மச்சானிடம் லேப்டாப் இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஒரு சந்தாவில் இரண்டு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்து வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் புதியதைப் போட்டு, புதிதாக ஒரு காலிக் கேட்டலாக் தொடங்கி, சோதனை ஃபோல்டரை மட்டும் ஏற்றுங்கள். உங்கள் வேலைக் கம்ப்யூட்டர் தொடப்படாமல் அப்படியே இருக்கும். நிறமும் தரமும் திருப்தி என்றால்தான் அடுத்த படி. அப்போது பெரிய கம்ப்யூட்டரில் முடிந்துபோன ஒரு கல்யாணத்திலிருந்து 300 படங்களை எடுத்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, ஏற்றுவதிலிருந்து எக்ஸ்போர்ட் வரை பழையதில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை செய்து எழுதிவையுங்கள். டீநாய்ஸ் இல்லாமல் அளந்தால்தான் ஒப்பிட முடியும். செலக்‌ஷன் செய்யும்போது அடுத்த படத்துக்கு அம்புக்குறி தட்டினால் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஒரு படத்துக்கு அரை விநாடி கூடினாலும் 4,000 படத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும், கை சோர்வது வேறு.

உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10-ஆக இருந்தால் இன்னொரு விஷயம். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. அதனால் மென்பொருளைப் பற்றி யோசிக்கும்போதே கம்ப்யூட்டரைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும். கையில் பணம் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கேட்டலாக்குக்கு ஒரு எஸ்எஸ்டி. பணம் இப்போது இல்லை என்றால் 12.2-இலேயே இன்னொரு வருடம் ஓட்டுவதில் ஒரு கேவலமும் இல்லை. புது கேமரா வாங்கி, அதன் ரா ஃபைலை 12.2 திறக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. அடோபியின் டிஎன்ஜி கன்வெர்டர் இலவசம், அதில் மாற்றிக்கொண்டு பழைய பதிப்பிலேயே திறக்கலாம்.

கிராக் விஷயம். வேண்டாம் தம்பி. நீங்கள் ஆசைப்படுகிற ஜெனரேடிவ் வசதிகள் சந்தாக் கணக்கோடுதான் சர்வரில் ஓடுகின்றன, கிராக்கில் அதை எதிர்பார்க்க முடியாது. அதைவிட முக்கியம், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு ஃபைலை, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, ஊரார் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டரில் ஓடவிடச் சொல்கிறார் உங்கள் நண்பர். உள்ளே ரான்சம்வேர் வந்து எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டால் அந்தத் தாலி கட்டும் படத்தை மறுபடி போய் எடுக்க முடியுமா? சந்தா கட்ட முடியாத மாதம் வந்தாலும் பயப்பட வேண்டாம். லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், டெவலப் பகுதியும் மேப் பகுதியும்தான் மூடிக்கொள்ளும். சந்தாவே வேண்டாம் என்று ஒரு நாள் தோன்றினால் டார்க்டேபிள் இருக்கிறது, இலவசம், நேர்மையான மென்பொருள். பழகக் கொஞ்ச நாள் ஆகும், அதையும் ஓர் ஆடியில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பழைய கல்யாணங்களில் கையைக் கடித்த படங்கள், இதை எப்படிச் சரிசெய்வது என்று நீங்கள் தலையில் கை வைத்த படங்கள், அப்படி ஒரு நூறு எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். தினமும் ராத்திரி பத்து நிமிடம் போதும், ஆடிக்குள் சேர்ந்துவிடும். சோதித்து முடித்ததும் உங்கள் ஊர்ப் பாட்டி ஒருவரின் படத்தை 20-லும் 50-லும் அச்சடித்து மச்சானிடம் காட்டி, எது என்று சொல்லாமல், எது நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் எதைக் காட்டினார் என்று எனக்கும் எழுதுங்கள்.